அக்காவின் முதல் சிலை

தம்பி மாநகராட்சிப் பொறியாளன். அக்காவின் சிலை வார்க்கும் வேலைக்கூடத்து வாசலிலேயே நின்றான். அக்கா இனி முகம் கொடுத்துப் பேசுவாளா?

"நாளைக்கு அந்த ஆளுநர் சிலையை எடுக்கறோம்க்கா. ஆலைத் தொழிலாளிங்களைச் சுடச் சொன்னவருக்குச் சிலை எதுக்குன்னு தீர்மானம் போட்டுட்டாங்க. நீ வார்த்த முதல் சிலை. அதைக் கணுக்கால்ல அறுத்து..."

"அறுக்கறதா? எந்த மடையன் சொன்னான்?" அக்கா சீறினாள்.

அவன் தலைகுனிந்தான்.

அக்கா பென்சிலால் பீடத்தை வரைந்தாள். "வெண்கலம் வெறும் கூடுடா. எடையைத் தாங்கறது கால் வழியா இறங்கற ரெண்டு கம்பிதான். எல்லாரும் அதைக் கான்கிரீட்ல புதைப்பாங்க. நான் கம்பி முனையில மரை வெட்டி, அடியில நட்டு போட்டு முடுக்கியிருக்கேன். பின்பக்கக் கல்லை நகர்த்திட்டு ஸ்பேனரால திருகினா, அரை மணி நேரத்துல சிலை முழுசாக் கழண்டு வந்துடும்."

"ஏன்க்கா அப்படிச் செஞ்ச?"

"முகம் சரியா வரணும்னு அந்த ஆளைப் பத்திப் படிச்சப்பதான் சுடச் சொன்னது தெரிஞ்சுது. அதுக்குள்ள வேலையை ஒத்துக்கிட்டாச்சு. இருபது வருஷமா அந்தத் தெரு வழியா நான் போனதே இல்ல."

தம்பி வாசலைத் தாண்டி உள்ளே வந்தான். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க இவ்வளவு மெதுவா வருவீங்கன்னு எனக்கென்ன தெரியும், தடியா?" என்றபடி அக்கா ஆணியில் தொங்கிய ஸ்பேனரை எடுத்துத் துடைத்தாள்.