பதினோரு தடவை போன நெட்

"உங்க அம்மா கள்ளாட்டம் ஆடறாங்க."

மருமகன் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"யாரு, எங்கம்மாவா? சாமி கும்பிடாம ஒரு வாய் தண்ணிகூட குடிக்க மாட்டாங்க."

"கும்பிட்டுட்டுத்தான் ஆடறாங்க. அதுதான் கொடுமை."

லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான்.

அவன் அத்தை என்று கூப்பிடும் மாமியாரும் அவருடைய மூன்று தோழிகளும் ஒரே ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர்கள்; தோழிகளில் ஒருவர் அங்கே தலைமை நர்ஸ், மேட்ரன். ரிட்டயர் ஆனதும் பிள்ளைகளோடு ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் மருமகன், அவர்களுக்கென்றே ஒரு பாம்பு ஏணி ஆட்டம் செய்து கொடுத்திருந்தான். திரை நடுவில் நூறு கட்டம், நாலு மூலையிலும் நாலு முகம். பார்த்துப் பேசிக்கொண்டே உருட்டலாம். ஒருவர் நூறைத் தொட்டதும் வாணவேடிக்கை வெடிக்கும், "நன்றி, அடுத்த வாரம் சந்திப்போம்" என்று வரும், நாலு முகமும் மறைந்துவிடும்.

அடுத்த மாதம் அதையே எல்லாரும் ஆடுவதற்கு வெளியிடப் போகிறான். அதற்கு முன் எல்லாம் சரியா என்று பார்த்தபோதுதான் அத்தை மாட்டினார்.

"இருபது நிமிஷத்துல முடியற ஆட்டம். இவங்க ரெண்டரை மணி நேரம் ஆடறாங்க. ஏன்னு நோண்டிப் பார்த்தேன். பகடை விழுந்ததும் நெட் போயிடுச்சுன்னா, பாவமேன்னு மறுபடி உருட்ட விட்டிருந்தேன். போன ஞாயித்துக்கிழமை உங்கம்மாவுக்கு மட்டும் பதினோரு தடவை நெட் போயிருக்கு."

"நெட்டுன்னா போகத்தானே செய்யும்?"

"அதே நேரத்துல பக்கத்து ரூம்ல நான் மேட்ச் பார்த்துட்டிருந்தேன். எனக்கு ஒரு தடவைகூட போகலையே."

அவள் மடித்த துணியையே மறுபடியும் மடித்தாள். "அப்ப நீங்களே கேட்டுடுங்க."

"மாமியார்கிட்ட போய், 'அத்தை, ஏமாத்தறீங்களா'ன்னு கேக்கவா? நான் இந்த வீட்டுல சோறு திங்க வேண்டாமா?"

கேட்கவில்லை. சத்தமில்லாமல் அந்த ஓட்டையை அடைத்துவிட்டான். இனிமேல் நெட் போனாலும் சரி, வீடே போனாலும் சரி, விழுந்தது விழுந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. அத்தை தலை வாரிக்கொண்டு, கண்ணை மூடி ஒரு நிமிஷம் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். கதவு லேசாகத் திறந்திருந்தது. மருமகன் ஹாலில் பேப்பரை விரித்துக்கொண்டு காதை மட்டும் உள்ளே அனுப்பினான்.

"ஏய் குட்டச்சி, முட்டி வலி எப்படி இருக்கு?"

"முட்டி கிடக்கட்டும், நீ உருட்டு."

கொஞ்ச நேரத்தில் அத்தையின் குரல் பதறியது. "என்னடி இது, திரும்ப உருட்ட விடலையே?"

"எனக்கும்தான் விடலை" என்றது இன்னொரு குரல். "எனக்கும்" என்றது மூன்றாவது.

ஓகோ, நாலு பேரும் கூட்டுக் களவாணிகளா? மருமகன் பேப்பருக்குள் முகத்தை மறைத்துச் சிரித்தான்.

பதினேழாவது நிமிஷம் வாணவேடிக்கை வெடித்தது. பிறகு சத்தமே இல்லை. அத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றியபடி வெளியே வந்தார்.

"என்ன அத்தை, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா? யாரு ஜெயிச்சது?"

"நான்தான்" என்றார் அத்தை, துக்கம் சொல்ல வந்தவரைப் போல.

"நல்ல விஷயம்தானே?"

"என்ன நல்ல விஷயம் மாப்பிள்ளை? மேட்ரனோட வீட்டுக்காரர் போய் ரெண்டு மாசம் ஆச்சு. இன்னிக்குத்தான் அவ அதைப் பத்தி வாயைத் திறந்தா. 'அன்னிக்குக் காலையில காபி கேட்டார்டி'ன்னு ஆரம்பிச்சா. அதுக்குள்ள எனக்கு நாலு விழுந்து தொலைச்சிடுச்சு."

மருமகனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. லேப்டாப்பை எடுத்துப் பழைய கணக்கை மறுபடி பார்த்தான். போன வாரம் பதினோரு தடவை நெட் போனபோது அத்தை தூக்கிப் போட்டவை என்னென்ன? ஏழு தடவை ஏணி. நாலு தடவை நேராக நூறு. பாம்பு கடித்தபோது ஒரு தடவைகூட நெட் போகவில்லை. மற்ற மூவருக்கும் அதே கதைதான்.

"அத்தை, ஆட்டம் முடிஞ்சாலும் முகம் மறையாதபடி மாத்திடறேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க."

"ஐயோ, வேண்டாம் மாப்பிள்ளை. ஆட்டம் நடக்குதுன்னா ஒரு வீட்டுலயும் எங்களை எதுக்கும் கூப்பிட மாட்டாங்க. சும்மா பேசிட்டிருக்கோம்னு தெரிஞ்சா..."

"அம்மா" என்று உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள். "ஆட்டம் முடிஞ்சிடுச்சுல்ல? பீரோ சாவி எங்கம்மா?"

அத்தை மருமகனைப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு ஆரம்பித்த ஆட்டம் ஆறரை ஆகியும் நடந்துகொண்டிருந்தது. உள்ளே மேட்ரன் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற மூவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே யாரோ உருட்டினார்கள்.

"ஏங்க, கள்ளாட்டத்தை நிறுத்திட்டேன்னு சொன்னீங்களே?" என்றாள் மனைவி.

"நிறுத்திட்டேனே. அவங்க நாலு பேரும் இப்ப நேர்மையாத்தான் ஆடறாங்க."

"அப்புறம் ஏன் முடியலை?"

மருமகன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான்.

எல்லாருக்கும் வெளியிடப்போகும் ஆட்டம் அல்ல அது, அத்தைக்கென்று தனியாகச் செய்தது. தொண்ணூற்று நாலிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை, ஒரு கட்டம்கூட விடாமல், வரிசையாக ஆறு பாம்புகள் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தன.