காய்ஞ்ச துடுப்பு

படகு மொதலாளி சம்மாட்டியோட ரேடியோவைத் தன் வீட்டுல வச்சு, பின்பக்க அட்டையைக் கழட்டிக்கிட்டு இருந்தான் சூசைமுத்து. ரிப்பேர் வேலை புதுசா கத்துக்கிட்டவன், அம்புட்டுத் தெனாவெட்டு.

“பிளக்கைப் புடுங்கிட்டுக் கை வைங்களேன்”னா பொண்டாட்டி யாகப்பம்மா.

“அதான் குமிழைத் திருகி அமத்திட்டேன்ல?”

“அமத்துனாலும் உள்ள கரண்டு வந்து நிக்கும்னு ஊருக்கெல்லாம் நீங்கதான சொல்லுவீக?”

“அது ஊருக்கு. எனக்கில்ல.”

அவ எந்திரிச்சு வெளிய போனா. திரும்பி வாரப்ப கையில துடுப்பு.

“எதுக்குடி இது?”

“கரண்டு புடிச்சா ஆளைத் தொடக்கூடாதுல்ல? கட்டையாலதான் தட்டிவிடணும். கடத்தண்ணி படாத துடுப்பாப் பாத்து எடுத்தாந்தேன்.”

சூசைமுத்துக்குச் சிரிப்புத் தாங்கல. இவளைக் கொஞ்சம் பயமுறுத்துவோமேன்னு தோணுச்சு. ரேடியோவுக்குள்ள கையை விட்டு, “அய்யய்யோ!”ன்னு கத்தி, உடம்பை வெடவெடன்னு ஆட்டினான்.

முதுகுல விழுந்துச்சு ஒண்ணு. அலறிக்கிட்டுக் கையை வெளிய எடுத்த பொறவும் இன்னொண்ணு விழுந்துச்சு.

“அடியே, நிப்பாட்டு! வெளையாட்டுக்குத்தான் ஆடுனேன். கரண்டே புடிக்கல!”

“எப்படிப் புடிக்கும்?”

துடுப்பெடுக்கப் போனப்பவே புடுங்கி மடியில வச்சிருந்த மெயின் பியூஸ் கட்டையை எடுத்து அவன் முன்னால வச்சுட்டு, யாகப்பம்மா மறுபடியும் துடுப்பை ஓங்கினா.