ஒரே பதில்

“இந்த டெஸ்ட்ல ஒரு பிள்ளை தெரியுது, அந்த டெஸ்ட்ல வேற பிள்ளை தெரியுது, மாதவி. எனக்கே குழப்பமா இருக்கு லா,” என்றார் டாக்டர் ராஜினி.

மேருவில் கிளம்பி பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்குக்கு வந்து சேரும்வரை மாதவி வேண்டாத தெய்வமில்லை. ஐந்து வயது தாமரையோ எந்தக் கவலையும் இல்லாமல் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

இன்று ராஜினி வைத்தது பேச்சே தேவையில்லாத சோதனை. கட்டைகளைச் சேர்க்க வேண்டும், விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் தாமரை வயதுக்கு மீறிய கெட்டிக்காரி. போன மாதம் வேறோர் இடத்தில் வைத்தது மலாய்ச் சோதனை. படத்தைக் காட்டி ‘இனி அபா?’ என்பார்கள், இது என்ன என்று அர்த்தம். அதில் பிள்ளைக்குப் புத்தி மந்தம் என்று வந்துவிட்டது. அதுதான் உண்மையென்றால் பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு உட்கார முடியாது, தனி வகுப்புதான். அந்த நினைப்பே மாதவியைத் தூங்கவிடவில்லை.

வீட்டில் தமிழ் மட்டும்தான், மலாய் புரியாததால் இருக்குமோ என்று இழுத்தாள்.

“புரியலைன்னா பிள்ளை சும்மா இருக்கும். இவ எந்தப் படத்துக்கும் ஒரே வார்த்தையச் சொன்னாளாம். அவங்களுக்குத் தமிழ் தெரியாது, உளர்றான்னு நெனச்சிட்டாங்க. அதான் எனக்கும் பயமா இருக்கு. அப்பா வரலியா?”

“லோரி ஓட்டுறாரு, டாக்டர். ஜொகூர் போயிருக்காரு.” மகள் காதில் விழும்படி சற்று உரக்கவே சொன்னாள் மாதவி.

போன மாதம் கேட்ட மலாய்க் கேள்வியைத் தானே கேட்டுப் பார்த்துவிடுவதென்று ராஜினி பூனைப் படம் ஒன்றை எடுத்தார்.

“தாமரை, இனி அபா?”

குழந்தையின் முகம் வாடியது. கட்டையைக் கீழே வைத்தாள். படத்தைப் பார்க்கவே இல்லை.

“வரமாட்டாரு,” என்றாள்.

ராஜினி கார் படத்தைக் காட்டினார். “இனி அபா?”

“வரமாட்டாரு. வேற வீட்டுக்குப் போயிட்டாரு.”

அந்த மலாய்க் கேள்வி மகளின் காதில் தமிழாக விழுந்திருப்பது அப்போதுதான் மாதவிக்கு உறைத்தது: இனி அப்பா?

கதவைச் சாத்திக்கொண்டு, தன் அக்காவிடம் போனில் அவள் அழுத அன்று, பிள்ளை தூங்கியிருக்கவில்லை.