எக்கோ அடிக்குது

“சார், மைக்கை ஆஃப் பண்ணுங்க. மறுபடியும் எக்கோ அடிக்குது!”

மூன்றாவது முறையாகக் கெஞ்சினார் ஊடக அதிகாரி. ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளின் பத்திரிகையாளர் சந்திப்பு முதன்முதலாக ஆன்லைனுக்கு மாறிய நாள் அது. இனி அவரவர் வீட்டிலிருந்தே பேசலாம், கேட்கலாம். யோசனை அதிகாரியுடையது. இயக்குநருக்கோ துளியும் பிடிக்கவில்லை.

“ஒரே ஒரு வம்பு வரட்டும், மறுபடி ஹால்தான். உங்களையும் நூலகத்துக்கு மாத்திடுவேன்” என்று சொல்லிவிட்டு, திரையின் மூலையில் உர்ரென்று உட்கார்ந்திருந்தார்.

வம்பு வந்தால் ஓர் இடத்திலிருந்துதான் வரும். மாலைப் பத்திரிகையின் மூத்த நிருபர். பட்டப்பெயர் ‘கொடுக்கு’. அதிலும் மழைக் கணிப்பு விஞ்ஞானி அம்மாள் பேச வந்தால், மனிதர் கொட்டாமல் விடமாட்டார். ஹாலில் அவரைக் கடைசி வரிசைக்குத் தள்ளியே அதிகாரி இத்தனை நாள் காலத்தை ஓட்டியிருந்தார்.

காலையிலேயே அந்த அம்மாளிடம் போனில் சொல்லிவைத்திருந்தார். “அவர் ஏதாவது கேட்டா மனசுல வெச்சுக்காதீங்க மேடம்.”

“பழகிப்போச்சு தம்பி. இருபது வருஷமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்” என்று சிரித்தார் அவர்.

இப்போது கொடுக்கு தொண்டையைச் செருமினார். “போன வருஷம் ஒண்ணு சொன்னீங்க, இந்த வருஷம் இன்னொண்ணு சொல்றீங்க. எதைத்தான் நம்புறது?”

“புதுத் தகவல் வந்தா கணிப்பு மாறும்னு அன்னிக்கே சொன்னேன். காதுல வாங்கினாத்தானே?”

“அப்ப, போன வருஷம் சொன்னது தப்பு. ஒத்துக்கறீங்களா?”

“நீங்க என்னிக்காவது எதையாவது ஒத்துக்கிட்டிருக்கீங்களா?”

முப்பது கட்டங்களில் முப்பது பேரும் திருதிருவென விழித்தார்கள். இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதிகாரிக்கு அப்போதே நூலகத்துத் தூசி மூக்கில் ஏறியது. மற்றவர்கள் பேசும்போது வராத எக்கோ, இவர்கள் இருவரில் யார் வாயைத் திறந்தாலும் காதைப் பிளந்தது. என்ன கண்றாவி சாஃப்ட்வேரோ!

“சார், இதோட நிறுத்திக்கலைன்னா உங்க பேரை லிஸ்ட்லேருந்தே…” என்று அவர் ஆரம்பிக்கும்போதே, விஞ்ஞானி அம்மாள் சட்டென்று மூக்கை உறிஞ்சினார்.

“ஐயோ, பால் பொங்கிடுச்சு! கேள்வி கேட்டது போதும், போய் அடுப்பை அணைங்க!”

அடுத்த நொடி கொடுக்கின் கட்டம் காலி. அந்த அம்மாளின் முதுகுக்குப் பின்னால், மேலே கோட்டும் கீழே அரைக்கால் சட்டையுமாக அவர் சமையலறைக்கு ஓடுவதைப் பார்த்து, இயக்குநரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.