பெஸ்ஸியின் கடைசிப் பயணம்

ஜன்னல் வழியே டோரீன் சைக்கிளில் வருவதை மேவிஸ் பார்த்துவிட்டாள். கட்டி வைத்திருந்த கணவனின் பெட்டியைக் காலாலேயே கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"அண்ணன் இருக்காரா, அக்கா?" டோரீனுக்கு மூச்சு வாங்கியது. ஜனவரிக் குளிரில் மூக்கு நுனி சிவந்து கிடந்தது.

எதற்கு வந்திருக்கிறாள் என்று மேவிஸுக்குத் தெரியாதா என்ன? மேவிஸின் கணவன் கிளிஃபர்ட், 'பெஸ்ஸி' என்ற குண்டுவீச்சு விமானத்தை ஓட்டுகிறவன். டோரீனின் கணவன் நார்மன், அதே விமானத்தின் வாலில் துப்பாக்கியோடு உட்காருகிறவன். முப்பது தடவை ஜெர்மனிக்குப் போய் உயிரோடு திரும்பினால் விடுதலை. அந்த இங்கிலாந்து விமானப்படை முகாமில் முப்பதைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

புத்தம் புதிதாக வந்திறங்கிய நாளிலிருந்து பெஸ்ஸி கிளிஃபர்ட், நார்மன் உட்பட அதே ஏழு பேரைத்தான் சுமந்திருக்கிறது. போய்வந்த ஒவ்வொரு தடவைக்கும் அதன் மூக்கில் ஒரு மஞ்சள் குண்டு வரைவார்கள். இன்றைக்கு அங்கே இருபத்தொன்பது குண்டுகள்.

ஆனால் கிளிஃபர்டுக்கு மட்டும் கணக்கு முப்பது. ஓட்டுகிறவன் தன் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால், இன்னொருவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை போய்வர வேண்டும் என்பது வழக்கம். அந்த ஒன்று அவனைக் கரையேற்றிவிட்டது. மற்ற ஆறு பேருக்கும் இன்னும் ஒன்று பாக்கி.

கடைசிப் பயணத்தைப் புது ஆளோடு போகிறவர்கள் திரும்புவதில்லை என்று முகாமில் ஒரு பேச்சு உண்டு. அந்த ஆறு வீட்டிலிருந்து யாராவது வந்து கிளிஃபர்டின் காலில் விழுவார்கள் என்று மேவிஸ் நேற்றிலிருந்தே பயந்துகொண்டிருந்தாள். அவனோ யார் கண்ணைக் கசக்கினாலும் உருகிப்போகிற ஆள்.

"அவர் இல்லியே, டோரீன். பன்னெண்டு மணி ரயில்லயே லீட்ஸ் போயிட்டாரு, அவங்க அம்மா வீட்டுக்கு."

பச்சைப் பொய். "பாராசூட், பூட்ஸ் எல்லாம் ஒப்படைக்கணும். லேசுல விடமாட்டாங்க, ரயிலை நாளைக்கு வெச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டு, காலையில் அவன் போனது முகாமுக்கு.

"நெஜமாவா? சத்தியமா போயிட்டாரா?"

"சத்தியமா."

டோரீன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். மேவிஸ் மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். அழட்டும், தன் வயிற்றில் இருக்கிற நாலு மாதத்துக்கு யார் பதில் சொல்வது?

மணி ஒன்றேகால். குண்டு போடப் போகிற நாட்களில் இரண்டு மணிக்கு முகாமின் கதவை அடைத்துவிட்டால், விமானங்கள் கிளம்புகிறவரை ஈ காக்கா உள்ளே நுழைய முடியாது. டெலிபோனுக்கும் பூட்டுதான். ஆனால் டோரீன் முகாமின் சமையற்கட்டில் வேலை செய்கிறவள், இப்போது போனால் காவலுக்கு நிற்பவன் விட்டுவிடுவான். போனால் கிளிஃபர்டைப் பார்த்துவிடுவாள்.

"எழுந்திரு, உள்ள வா. ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப்போனாள்.

டீயில் இரண்டு கரண்டி சர்க்கரையைப் போட்டாள். டோரீன் பதறினாள். "ஐயோ அக்கா, ரேஷன்ல வாரம் முழுக்கக் குடுக்கிறதே கொஞ்சம். அதைப் போயி எனக்கு…"

"பேசாம குடிடி. மெதுவாக் குடி."

டோரீன் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். "டாங்க் முட்ட முட்ட பெட்ரோல் ஊத்துறாங்களாம். மத்தியானம் நார்மன் வந்து சொல்லிட்டுப் போனாரு."

டாங்க் நிறைந்தால் பெர்லின் என்று அந்த ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால்தான் பழகின கை வேண்டும் என்று இவள் தவிக்கிறாள் என நினைத்தாள் மேவிஸ்.

"இன்னிக்கு அவங்களுக்கு ஓட்டவே ஆள் இல்ல, அக்கா."

குத்திக் காட்டுகிறாள். மேவிஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் எதுக்கு வந்தேன்னா…"

"வேணாம் டோரீன், சொல்லாத. என்னால கேக்க முடியாது. அவருதான் போயாச்சே."

"ஆமாமா, போயாச்சு" என்று டோரீன் முந்தானை போல ஏப்ரனை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குப் போகிற அவசரமே இல்லை. மேவிஸ் பிஸ்கட் எடுத்து வைத்தாள், பின்னிக்கொண்டிருந்த குட்டி ஸ்வெட்டரைக் காட்டினாள், கண்ணை மட்டும் கடிகாரத்தை விட்டு எடுக்கவில்லை.

ஒருவழியாக இரண்டு அடித்தது. முகாமின் கதவு மூடியிருக்கும், இனி யார் நினைத்தாலும் கிளிஃபர்டிடம் போக முடியாது. இத்தனை நேரம் அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் மேவிஸுக்குப் பீறிட்டு வந்தது.

"என்னை மன்னிச்சிடு டோரீன், பொய் சொல்லிட்டேன். அவர் லீட்ஸுக்குப் போகல, முகாம்லதான் இருக்காரு. நீ போய் அழுதா, மனசு இளகி உங்க ஆளுங்களோட இன்னொரு தடவை கிளம்பிடுவாரேன்னு பயந்துட்டேன்."

டோரீனின் முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது. எழுந்து கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு மேவிஸைப் பார்த்தாள்.

"ஐயோ அக்கா! இன்னிக்கும் நானே ஓட்டுறேன்னு காலையிலேயே அவரா பேர் குடுத்துட்டாரு. அவர் ஓட்டலேன்னா பெஸ்ஸி இன்னிக்குக் கிளம்பாதேன்னு, வேண்டாம்னு சொல்லத்தானே நான் ஓடி வந்தேன்!"