கோழிப்பேன்

"அந்தக் கோழிங்களை இன்னைக்கே ஒழிச்சாகணும். என் பொண்டாட்டி கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்கு" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார் தெட்சிணாமூர்த்தி.

சகாயம்மாள் தவிட்டுச் சட்டியைக் கீழே வைத்தாள். அந்தக் கோழிகள் இடும் முட்டையில்தான் அவள் பிழைப்பே ஓடுகிறது.

பக்கத்து வீட்டு தெட்சிணாமூர்த்திக்குச் சுத்தம்தான் சாமி. அரசு வேலை. மீட்டிங் என்று அடிக்கடி பாண்டிக்குப் போய்த் தங்கிவிட்டு வருவார். வந்ததும் கேட்டுக்கு டெட்டால் தெளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்.

அவர் மனைவி தேவிகாவுக்கு ஒரு மாதமாக இமையில் அரிப்பு. மருந்துக்கடையில் மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். எதிர்வீட்டு மாரிக்கண்ணு, கண்கட்டி என்று நாமக்கட்டியை உரைத்துப் பூசினாள். ஒரு டாக்டர், இமையில் பொடுகு என்று களிம்பு எழுதினார். எதற்கும் அடங்கவில்லை.

"கோழிப்பேன்தாங்க. காரைக்கால்ல கண் டாக்டர்கிட்ட போறோம். நீங்களும் வந்து உங்க காதால கேளுங்க" என்று தெட்சிணாமூர்த்தி சகாயம்மாளையும் ஆட்டோவில் ஏற்றினார்.

டாக்டரம்மா தேவிகாவின் இமையைக் கருவி வழியாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பொடுகு இல்லம்மா. பேன். ஈரும் அப்பியிருக்கு."

"கோழிப்பேன்னு நான் சொல்லலை?" தெட்சிணாமூர்த்தி தொடையில் தட்டினார். தட்டிய கையோடு ஒரு சொறியும் சொறிந்துகொண்டார்.

சகாயம்மாள் தலையைக் குனிந்துகொண்டு எழுந்தாள்.

"எங்க போறீங்க? முழுசாக் கேட்டுட்டுப் போங்க" என்றார் தெட்சிணாமூர்த்தி.

"கோழிப்பேன் மனுசங்க மேல குடித்தனம் பண்ணாது சார்" என்றார் டாக்டரம்மா. "இது தலைப்பேனும் இல்ல. நண்டு மாதிரி வேற வகை. இடுப்புக்குக் கீழ இருக்கற முடியில வாழும். பெரும்பாலும் ஒரே படுக்கையில படுக்கறவங்ககிட்டேருந்துதான் ஒட்டும். உங்களுக்கு அங்க அரிப்பு உண்டா?"

"வேர்க்குருங்க" என்றார். மார்கழி மாதத்தில்.

"வெளியூர்ல தங்கறது உண்டா?"

"ஆபீஸ் மீட்டிங்..."

"மீட்டிங் நடக்கட்டும். ரெண்டு பேருக்கும் மருந்து எழுதறேன்."

தேவிகா யாரையும் பார்க்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் சகாயம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தேவிகாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனது. விஷயம் தெரிந்தால் தெரு இந்த மனுஷனை ஒரு நாள் கேலி பேசும். இவளைக் காலம் பூரா பேசும்.

கோட்டுச்சேரியில் தங்கள் தெருவில் இறங்கியதுமே மாரிக்கண்ணு பிடித்துக்கொண்டாள். "டாக்டர் என்ன சொன்னாங்க?" அவளுக்குப் பின்னால் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

தெட்சிணாமூர்த்தி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோழிப்பேன்தானாம்" என்றாள் சகாயம்மாள். "தப்பு என்னோடதுதான். எல்லாத்தையும் வித்துடறேன்."

தெட்சிணாமூர்த்திக்கு உயிர் வந்தது. "நான்தான் அப்பவே சொன்னேனே..." என்று ஆரம்பித்தார்.

தேவிகா கண்ணிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள்.

"பாவம், கோழிங்க மேல பழி போடாதீங்கக்கா. அதுங்க அங்கயே இருக்கட்டும். பேனைக் கொண்டாந்தது எங்க வீட்டுச் சேவல்."

அவர்கள் வீட்டில் சேவல் கிடையாது என்பது தெருவுக்கே தெரியும்.