இடது கை போன தூரம்

இதில் ஒரு சொல் பொய் என்றாலும், நான் காலமெல்லாம் ஓட்டிய பஸ் என் மேலேயே ஏறட்டும். அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிரசவ அறையிலிருந்து வந்த நர்ஸ், "முதல் துணி யாரோடது?" என்று கேட்டார்.

இரண்டு பைகள் ஒரே நேரத்தில் நீண்டன. ஒன்று என்னுடையது. மற்றது சம்பந்தியம்மாவுடையது, அதாவது என் மருமகனைப் பெற்றவர்.

அவர் பையில் வெள்ளைக் கம்பளியில் அவரே பின்னிய ஸ்வெட்டர், குல்லா, காலுறை. வாத்து வடிவப் பொத்தான்கள் வேறு. குறை கண்டுபிடிக்க நானே முயன்று தோற்றேன்.

என் பையில் இடது கை இருந்தது.

ஸ்வெட்டரின் இடது கை. மற்ற பாகங்களை அது முடிந்த பிறகு தொடங்குவதாகத் திட்டம்.

அதுதான் முடியவில்லை. பின்னல் வேலையை செல்போனில் ஓர் அம்மையார் சொல்லித் தருவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஊசியில் கண்ணி ஏற்றுவது, சுற்றிச் சுற்றிப் பின்னுவது எல்லாம் கைவந்துவிட்டது. கடைசிக் கண்ணிகளைப் பிரியாமல் மூடி முடிக்கும் இடம் வரும்போது மட்டும் தூங்கிவிடுவேன். மறுநாள் முதலிலிருந்து பார்ப்பேன். அதே இடம், அதே தூக்கம்.

ஊசியை உருவினால் அத்தனையும் பிரிந்துவிடும். எனவே பின்னிக்கொண்டே போனேன்.

மூடத் தெரிந்த ஒரே ஆள் சம்பந்தியம்மா. பேரப்பிள்ளையின் முதல் துணிக்குப் போட்டியே அவரோடுதான். அவரிடமே போய்க் கேட்பதா? ஏற்கெனவே என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன டிரைவர் சம்பந்தி, உங்க வண்டி எந்த ஸ்டாப்புலயும் நிக்காதா?" என்று ஒரு சிரிப்பு.

பையைத் திறந்தேன். கை கீழே விழுந்து உருண்டது.

தாழ்வாரத்தைக் கடந்தது. படியில் இறங்கியது. காலில் கட்டுப் போட்ட ஒருவர் அதைக் கைப்பிடிக் கயிறென்று நினைத்துப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். மூக்கடைப்போடு வந்த டாக்டர் ஒருவர் அதில் ஒரு பகுதியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நோயாளிகளைப் பார்த்தார். முனை, ஊசிகளோடு, வாசல் கேட்டில் போய் நின்றது.

குழந்தை ஒரு கண்ணைத் திறந்தது. வாத்துகளைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. அதற்கு என் குடும்பத்து மூக்கு.

பிறகு தன் இடது கையை நான் பின்னிய இடது கைக்குள் நுழைத்தது.

நாங்கள் காத்திருந்தோம். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். சம்பந்தியம்மா உதட்டைச் சுழித்தார்.

மேஜைத் தொலைபேசி அடித்தது. வாட்ச்மேன்.

"கேட்லேர்ந்து பேசறேன். இங்க ஒரு குட்டி விரல் எட்டிப் பாக்குது. விசிட்டர் பாஸ் இருக்கா?"

பாஸ் இருக்கிறதா என்று நர்ஸ் விசாரிப்பதற்குள் அந்த விரல் வேலையைத் தொடங்கிவிட்டது. ஊசியிலிருந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக மூடியது. எப்படி மூடியது என்று வாட்ச்மேன் பொறுமையாக, விவரமாகத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த இடத்தில் எனக்குக் கண் சொருகிவிட்டது.

விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு கண்ணிகூடப் பிரியவில்லை. சம்பந்தியம்மா வாத்துப் பொத்தான்களைப் பைக்குள் வைத்து மூடிவிட்டு, "தோத்துட்டேன் சம்பந்தி" என்றார்.

நடந்ததை நடந்தபடியே இன்று மாலை சம்பந்தியம்மாவிடமும் சொன்னேன்.

என் மடியிலிருந்து இறங்கி, நாற்காலிக் காலைச் சுற்றி, கதவு வரை போயிருந்த பின்னலை அவர் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். "குடுங்க இப்படி. இந்தத் தடவையாவது தூங்காம பாருங்க."

கொடுத்தேன்.

என் மகளுக்கு டாக்டர் குறித்திருக்கும் நாள் அடுத்த மாதக் கடைசியில் வருகிறது.